ஒட்டகம் சுசீலாவின் தண்ணீர்ப் போத்தல்

சுசீலாவின் தண்ணீர்ப் போத்தல் அதிகாலையில் எப்படி வீட்டை விட்டுப் புறப்படுமோ, பிற்பகலில் அப்படியே வீடு திரும்பும். முக்கால் லிட்டர் கொள்ளும் நீல நிறப் போத்தல் அது. சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில் ஒன்பதாம் மாடி வீட்டின் வாசலில் அவருடைய கணவர் மாசிலாமணி ஒரு கறிவேப்பிலைச் செடி வைத்திருந்தார். மனைவி குடிக்காமல் கொண்டுவரும் நீர்தான் அந்தச் செடிக்கு அன்றாடப் பாசனம்.

"ஊர்ல எல்லாரும் செடிக்குக் குழாய்த் தண்ணி ஊத்துறாங்க. நம்ம செடிக்கு மட்டும் பஸ் ஏறி சிட்டியைச் சுத்திப் பாத்துட்டு வந்த தண்ணி" என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் அவர் சொல்லிச் சிரிப்பார். செடியும் அதற்கேற்றாற்போல் இடுப்பளவு உயர்ந்து, கொத்துக் கொத்தாகத் தழைத்திருந்தது.

சுசீலா பேருந்து ஓட்டுநர். வயது ஐம்பத்து மூன்று. பத்தொன்பது ஆண்டுகளாகச் சக்கரத்தைப் பிடித்தவர்; ஒரு விபத்துகூட அவர் பெயரில் இல்லை. அவர் ஓட்டும் தடம் வடகிழக்கில் ஒரு முனையத்தில் தொடங்கும். ஜாலான் புசார் வழியாக நகரத்துக்குள் நுழைந்து, கடற்கரைப் பக்கம் வளைந்து, லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் வழியாகச் சிராங்கூன் சாலையில் திரும்பி, புறப்பட்ட முனையத்துக்கே வந்து சேரும். ஒரு சுற்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகும். இடையில் ஓட்டுநர் இறங்கி நிற்பதற்கு ஓர் இடமும் கிடையாது. காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஒரு மணி வரை அப்படி மூன்று சுற்று.

அந்த ஏழரை மணி நேரத்தில் ஒருமுறைகூடக் கழிவறைக்குப் போகாதவர் என்பதுதான் முனையத்தில் சுசீலாவுக்கு இருந்த பெரும் புகழ். விடிவதற்கு முன் அரைக் கோப்பை கோப்பி. அதன்பின் பகல் ஒரு மணிவரை தொண்டையில் ஒரு சொட்டு இறங்காது. பத்து மணி இடைவேளையில்கூட இரண்டு ரொட்டித் துண்டுகளை வெறும் வாயில் மென்று விழுங்கிவிடுவார். சக ஓட்டுநரான முகமது இஸ்மாயில் அவருக்கு வைத்த பெயர் 'ஒட்டகம்'.

"என்னக்கா, இன்னைக்காச்சும் போத்தலைத் தொறந்தீங்களா?" என்று இஸ்மாயில் தினமும் கேட்பார். அவருடைய கையில் எப்போதும் இரண்டு லிட்டர் போத்தல் ஒன்று ஆடும்.

"நீ குடி, தண்ணி லாரி. உன் பஸ்ஸுல ஏறுறவங்களுக்கு நீச்சல் தெரியணும்" என்பார் சுசீலா.

ஒருமுறை இஸ்மாயில் பாதி வழியில் பேருந்தை நிறுத்தி, பயணிகளிடம் சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய்வந்தார். அவ்வாறு செய்ய விதியில் இடமுண்டு. கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவித்துவிட்டு நிறுத்தத்தில் நிறுத்தலாம். இருந்தும் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் அவரைக் கேலி செய்தவர் சுசீலாதான்.

அந்தக் கேலிக்கு அடியில் ஒரு பழைய காயம் இருந்தது. சுசீலா வேலையில் சேர்ந்த காலத்தில் அந்த முனையத்தில் பெண் ஓட்டுநர்கள் மூன்றே பேர். முதல் வாரத்தில் அனுபவமிக்க ஓட்டுநர் ஒருவர், சுசீலாவின் காதில் விழும்படியே, "பொம்பளைங்கன்னா அரை மணிக்கொரு தடவை டாய்லெட்டுக்கு ஓடுவாங்க. பஸ் எப்படி டைமுக்குப் போகும் லா?" என்றார். மறுநாளிலிருந்து சுசீலா வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். அந்த மனிதர் ஓய்வுபெற்றுப் போய்ப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. அவருக்குச் சொல்லவேண்டிய பதிலைச் சுசீலா தம் உடம்பால் இன்னும் சொல்லிக்கொண்டேயிருந்தார்.

கடந்த ஏப்ரலில் அந்த வைராக்கியத்துக்குச் சோதனை வந்தது.

புதிய பேருந்துகளில் ஓட்டுநரின் முகத்துக்கு எதிரே ஒரு சிறு படக்கருவி உண்டு. கண்ணிமை வழக்கத்துக்கு மாறாகத் தாழ்ந்தாலோ, பார்வை சாலையை விட்டு விலகி நிலைத்தாலோ, இருக்கை அதிரும். சுசீலாவின் இருக்கை ஏப்ரல் மாதத்தில் நான்கு முறை அதிர்ந்தது. நான்கும் மூன்றாம் சுற்றில், பதினொரு மணிக்குப் பிறகு. நெற்றிப்பொட்டில் ஓர் ஆணி இறங்குவதுபோல் வலி எடுக்கும். முன்னே செல்லும் காரின் பின்விளக்கு எரிவது கண்ணுக்குத் தெரியும். அது மூளைக்கு எட்ட ஒரு கணம் பிடிக்கும்.

பணிமுறை மேற்பார்வையாளர் பிரபாகர் அவரை அழைத்தார். வயதில் இளையவர், சுசீலாவிடம் மரியாதை உள்ளவர். அன்று அவர் கையில் ஒரு கடிதம் இருந்தது.

"அக்கா, இது நான் எழுதுனது இல்ல, ரூல். எட்டு வாரம் வாட்ச் பண்ணுவாங்க. அதுக்குள்ள மூணு தடவை சீட் அதிர்ந்தா, டிரைவிங்கை விட்டு எடுத்துடுவாங்க. டிப்போல கவுன்டர் வேலை தருவாங்க."

"பஸ்ஸுல விட்டுட்டுப் போன குடையை எடுத்து வச்சுத் திருப்பிக் குடுக்குற வேலையா, பிரபா?"

"சம்பளம் குறையாதுக்கா."

"நான் சம்பளத்தையா கேட்டேன்?"

சுசீலா கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பன்னிரண்டு மீட்டர் நீள வண்டியை நெரிசலான வளைவில் ஒரே வீச்சில் திருப்பும்போது தோளில் பரவும் அந்த உணர்ச்சி கைநழுவிப் போகும் என்பதுதான் அவருடைய கவலை.

முதல் வாரத்திலேயே ஒருமுறை இருக்கை அதிர்ந்தது. மீதம் இருந்தது இரண்டு.

நிறுவனம் அனுப்பிவைத்த மருந்தகத்தில் அவரைப் பரிசோதித்தவர் டாக்டர் வைஷாலி. இரத்த அழுத்தம், சர்க்கரை, கண் எல்லாவற்றையும் பார்த்தார், குறையில்லை. தூக்கத்தைப் பற்றிக் கேட்டார். சுசீலா ஒன்பதுக்கே படுத்துவிடுபவர். சிறுநீர் மாதிரி கேட்டபோதுதான் சிக்கல் வந்தது. அரை மணி நேரம் காத்திருந்து சுசீலா கொண்டுவந்த குப்பியில் அடியில் ஓர் அங்குலம்கூட இல்லை. பாலில்லாத தேநீர்போல் கறுத்திருந்தது.

"மேடம், காலையில வேலைக்குப் போனப்புறம் எத்தனை தடவை டாய்லெட் போவீங்க?"

சுசீலா நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தவர் போல, "ஒரு தடவையும் போக மாட்டேன், டாக்டர். ஷிப்ட் முடியிற வரைக்கும் கிடையாது. பத்தொம்போது வருஷமா" என்றார்.

வைஷாலி வியந்து பாராட்டவில்லை. மேசையிலிருந்து சிறுநீரின் நிறத்தை ஒப்பிடும் ஓர் அட்டையை எடுத்து முன்னால் வைத்தார். வெளிர் மஞ்சளில் தொடங்கிக் கரும்பழுப்பில் முடியும் எட்டுக் கட்டங்கள் அதில் இருந்தன. அவருடைய விரல் கடைசிக் கட்டத்தில் நின்றது.

"கடைசி ஸ்டாப்பா, டாக்டர்?"

"ஆமா, மேடம். பஸ் இதுக்கு மேல போகாது." வைஷாலி சிரித்துவிட்டுத் தொடர்ந்தார். "ஏசி பஸ்ல வேர்க்காது. வேர்க்கலைன்னா ஒடம்புல தண்ணி கொறையலன்னு நெனச்சுக்கிறோம். மூச்சு விடுறப்பவே போய்க்கிட்டுத்தான் இருக்கு. வயசு ஏற ஏறத் தாகமும் சரியாத் தெரியாது. கொஞ்சம் கொறைஞ்சாலே தலைவலி வரும், அசதி வரும், கவனம் நழுவும். எல்லாத்துக்கும் இதுதான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா முதல்ல இதைச் சரிபண்ணுவோம். மத்ததை அப்புறம் பாப்போம்."

அன்று மாலை மாசிலாமணி நடந்ததை விசாரித்தபோது சுசீலா சொன்னார்: "பத்தொம்போது வருஷம் சேர்த்து வச்ச மெடலை எடுத்துக் காட்டினேங்க. அந்தம்மா அதையே வியாதின்னு எழுதிட்டாங்க."

மாசிலாமணி கறிவேப்பிலைச் செடியைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். "நீ குடிக்கவேண்டியதை எல்லாம் இது குடிச்சிருக்கு. இது எப்படி இருக்கு, நீ எப்படி இருக்கே, பாரு" என்றார்.

எதைச் செய்தாலும் முழு மூச்சாகச் செய்பவர் சுசீலா. மறுநாள் விடியற்காலையில் ஒரு லிட்டர் நீரை நின்ற நிலையில் குடித்துவிட்டுப் பேருந்தை எடுத்தார். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பதை முதல் சுற்று முடிவதற்குள் அவர் உடம்பு அறிந்துகொண்டது. லிட்டில் இந்தியாவைத் தாண்டும்போதே கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டார். அதன்பின் வந்த ஒவ்வொரு சிவப்பு விளக்கும் ஒரு யுகம். முனையத்தில் வண்டியை நிறுத்தி, கடைசிப் பயணி இறங்கிய மறுகணம் அவர் ஓடினார். பத்தொன்பது ஆண்டில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"டேய், ஒட்டகம் ஓடுதுடா!" என்று இஸ்மாயிலின் குரல் பின்னாலிருந்து கேட்டது. இடைவேளை அறை முழுவதும் சிரித்தது.

அந்தச் சிரிப்பு அவருக்குப் பழைய குரல் ஒன்றை நினைவூட்டியது. அவமானம் தாங்காமல் மறுநாள் மீண்டும் போத்தலைத் திறக்காமலேயே வண்டியெடுத்தார். மூன்றாம் சுற்றில், பதினொன்று ஐம்பதுக்கு, நகர மையத்தின் நெரிசலில் இருக்கை அதிர்ந்தது. நல்லவேளையாகப் பேருந்து அப்போது நின்றுகொண்டிருந்தது.

மீதம் ஒன்று. ஆறு வாரங்களுக்கு மேல் பாக்கியிருந்தன. இன்னும் ஒரு முறை அதிர்ந்தால் சக்கரம் கையை விட்டுப் போய்விடும்.

அன்று பிற்பகல் சுசீலா ஒரு பயிற்சி ஏட்டை விரித்து உட்கார்ந்தார். தண்ணீரையும் ஒரு தடமாகக் கருதி அதற்கு ஒரு கால அட்டவணை எழுதினார். எழுந்ததும் ஒரு குவளை. முனையத்தில் வண்டியை எடுப்பதற்கு முன் கோப்பி மட்டும். ஓடும் வண்டியில் குடிக்கக் கூடாது. ஆகையால் கூட்டம் ஏற நேரமெடுக்கும் நிறுத்தங்களாகப் பார்த்து மூன்றைத் தேர்ந்தெடுத்தார். வண்டி நகராதபடி கைத்தடையைப் போட்டபின் அங்கே இரண்டிரண்டு மிடறு. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும், போகவேண்டும் என்று தோன்றினாலும் தோன்றாவிட்டாலும், முதலில் கழிவறை. பிறகு அரைக் குவளை நீர். பத்து மணி ரொட்டியோடு ஒரு குவளை. ஏட்டின் வலப்பக்கத்தில் பன்னிரண்டு மணிக்குத் தலை எப்படி இருந்தது என்று ஒரு சொல் எழுத இடம் விட்டார்.

முதல் சில நாள்கள் அங்கே 'வலி' என்றே எழுதினார். ஐந்தாம் நாள் 'லேசாக' என்று எழுதினார். பத்தாம் நாள் எழுத மறந்துபோனார். பன்னிரண்டு மணி தாண்டிப்போனதே அவருக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் வீட்டுக்குள் நுழைந்ததும் சாய்விருக்கையில் விழுந்து மாலைவரை எழமாட்டார். இப்போது பையை வைத்த கையோடு தேக்கா சந்தைக்குப் போய் மீன் வாங்கி வந்தார். மாசிலாமணி வேலையிலிருந்து திரும்பும்போது வீட்டில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்.

"யாரும்மா நீ? என் பொண்டாட்டி இந்நேரம் தூங்குவாளே!" என்றார் அவர் ஒருநாள்.

இருக்கை அதிரவில்லை. மூன்றாம் வாரம் அதிரவில்லை. நான்காம், ஐந்தாம், ஆறாம் வாரங்களும் அதிராமலேயே கழிந்தன. அட்டவணை எழுதியவரின் பெருமிதம் சுசீலாவுக்குள் மெல்ல முளைவிட்டது. அப்போதும் ஒரு முடிச்சு அவிழாமல் இருந்தது. அவர் போய்வந்ததெல்லாம் முனையத்தில், இடைவேளையில், ஒருவரும் அறியாமல். பயணிகளை உட்காரவைத்துவிட்டு நடுவழியில் இறங்கும் காரியம் மட்டும் தமக்கு நேராது என்று நம்பிக்கொண்டிருந்தார்.

ஏழாம் வாரத்தில் ஒரு வியாழக்கிழமை, மூன்றாம் சுற்றில், சிராங்கூன் சாலையில் ஒரு தடத்தை அடைத்துச் சாலைப்பணி நடந்தது. பேருந்து ஊர்ந்தது, நின்றது, மீண்டும் ஊர்ந்தது. லிட்டில் இந்தியாவிலிருந்து ஃபேரர் பார்க் வரையிலான சிறு தொலைவுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. உள்ளே நாற்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். முனையத்துக்கு இன்னும் அரை மணிக்கும் மேலான பயணம் பாக்கி. சுசீலாவின் உடம்பு தன் கோரிக்கையைத் தெளிவாகச் சொல்லத் தொடங்கியது.

பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம். பத்தொன்பது ஆண்டு அப்படித்தானே ஓட்டினார். அவர் தம்மையே கவனித்தார். விரல்கள் சக்கரத்தை நெரித்துக்கொண்டிருந்தன. பார்வை சாலையில் இருந்தது. நினைவெல்லாம் அடிவயிற்றில் இருந்தது. இடப்பக்கமாக நடந்துவந்த ஓர் இளம்பெண் சாலையைக் கடக்கக் கால் வைத்ததை ஒரு கணம் தாமதமாகத்தான் கண்டார். இன்று அடக்கிவிட்டால் நாளை காலையில் கை தானாகவே போத்தலைத் திறக்க மறுக்கும். மறுநாள் மீண்டும் அந்த ஆணி நெற்றியில் இறங்கும். இதையெல்லாம் நினைத்து முடிப்பதற்குள் ஃபேரர் பார்க் நிறுத்தம் வந்தது.

சுசீலா வண்டியை நிறுத்தினார். கைத்தடையைப் போட்டார். கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் சொன்னார். எழுந்து பயணிகளைப் பார்த்துத் திரும்பியபோது அவருடைய காது மடல்கள் சுட்டன. முதலில் ஆங்கிலத்திலும், பிறகு முன்வரிசையில் இருந்தவர்களுக்காகத் தமிழிலும் சொன்னார்.

"மன்னிச்சுக்குங்க. நான் டாய்லெட் போயிட்டு வரணும். மூணு நிமிஷம்."

பின்பக்கத்திலிருந்து, காய்கறிப் பையை மடியில் வைத்திருந்த சீன மூதாட்டி சிங்கப்பூர் ஆங்கிலத்தில் உரத்த குரலில், "கோ லா, கோ லா! நோ நீட் சாரி!" என்றார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தமிழ்ப்பெண் ஒருவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"நானும் வரேங்க. என் பேரு சரசு. அரை மணியா வாயைத் தொறக்க முடியாம உக்காந்திருக்கேன். டிரைவரம்மாவே சொல்லிட்டாங்க, இனி எனக்கென்ன வெக்கம்?"

பேருந்து சிரித்தது. நடுவில் நின்ற ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. கழுத்தில் அலுவலக அட்டை தொங்கிய அவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "ஏற்கெனவே அரை மணி நேரம் லேட். உங்க சொந்த வேலையை டிப்போல வச்சுக்கக் கூடாதா?" என்று தமிழிலேயே கேட்டார்.

பத்தொன்பது ஆண்டாக அவர் அஞ்சி ஒளிந்த வாக்கியம் ஏறக்குறைய அதே பொருளில் எதிரே வந்து நின்றது. சுசீலாவுக்கு வியப்பாக இருந்தது. அது இவ்வளவுதானா?

"சார், இது என் சொந்த வேலை இல்ல. உங்க நாப்பது பேரையும் பத்திரமா எறக்கி விடறதுக்கான வேலை. அரைக் கவனத்தோட ஓட்டுனா அரை மணி மிச்சமாகாது. மூணு நிமிஷம் குடுங்க" என்றார். இறங்கி நடந்தார். ஓடவில்லை.

நிறுத்தத்தை ஒட்டியே ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. அதன் உரிமையாளர் கமலா வாசலில் நின்று பில் எழுதிக்கொண்டிருந்தார். சீருடையில் வந்த சுசீலாவையும், பின்னால் விரைந்த சரசுவையும், இருவருக்கும் பின்னால் குடையை ஊன்றி வந்துகொண்டிருந்த சீன மூதாட்டியையும் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"நேராப் போய் லெஃப்ட். கேக்கவே வேணாம்" என்றவர், சுசீலா திரும்பி வரும்போது, "தினமும் என் கடை வாசல்ல பஸ்ஸை நிறுத்திட்டுப் போற ஆள்தானே நீங்க? எத்தனை வருஷமாச்சு! இன்னைக்குத்தான் உள்ள வரத் தோணுச்சா?" என்றார்.

"பத்தொம்போது வருஷம்" என்றார் சுசீலா.

"ரொம்பப் பொறுமைசாலிதான் போங்க!"

பேருந்தில் சுசீலா ஏறியபோது இரண்டு நிமிடம் நாற்பது நொடி ஆகியிருந்தது. மீதி இருபது நொடியில் சரசுவும், கடைசியாக மூதாட்டியும் ஏறிவிட்டார்கள். சுசீலா உட்கார்ந்து, எல்லோரும் பார்க்கும்படியே போத்தலைத் திறந்து இரண்டு மிடறு குடித்து, கைத்தடையை எடுத்தார். கண்ணாடியில் சாலை துலக்கமாகத் தெரிந்தது. முனையம்வரை ஒரு முறைகூட வண்டி குலுங்கவில்லை.

அலுவலக அட்டைக்காரர் சும்மா இருக்கவில்லை, புகார் எழுதினார். மறுநாள் பிரபாகர் அழைத்தபோது, வேலையே போய்விடுமோ என்று சுசீலா அஞ்சவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். நின்றுகொண்டே கேட்டார்.

"சொல்லு, பிரபா. குடைக் கவுன்டரா?"

"உக்காருங்கக்கா. கம்ப்ளெய்ன்டுக்குப் பதில் போயாச்சு. நீங்க கண்ட்ரோலுக்குச் சொல்லிட்டு, ஸ்டாப்ல நிறுத்தி, மூணு நிமிஷத்துல எடுத்திருக்கீங்க. அதுல ஒரு தப்பும் இல்ல." பிரபாகர் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். அன்றைய மூன்றாம் சுற்றின் பதிவு அதில் ஓடியது. ஃபேரர் பார்க் நிறுத்தத்துக்கு முந்தைய பத்து நிமிடத்தில் பார்வை தடுமாறியதற்கான மஞ்சள் கோடுகள் இரண்டு இருந்தன. இருக்கை அதிர்வதற்கு ஒரு மயிரிழைதான் மிச்சம். நிறுத்தத்துக்குப் பிறகு, முனையம் வரைக்கும் ஒரு கோடுகூட இல்லை.

சுசீலா கோடில்லாத அந்தப் பகுதியை விரலால் தொட்டுப் பார்த்தார். அடக்கியிருந்தால் மீதமிருந்த அந்த ஒரு வாய்ப்பும் போயிருக்கும். அவரைச் சக்கரத்தில் நிலைநிறுத்தியது, எதற்கு அவ்வளவு காலம் அஞ்சினாரோ அந்த மூன்று நிமிடம்தான்.

எட்டாம் வாரம் முடிந்த திங்களன்று கண்காணிப்பு முடிந்ததாக எழுத்து மூலம் தகவல் வந்தது. அதிகாலைக் கூட்டத்தில் ஓட்டுநர்கள் முப்பது பேர்வரை கூடியிருந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் பெண்கள். பிரபாகர் சுசீலாவை நாலு வார்த்தை பேசச் சொன்னார். பழைய காலமாக இருந்தால் ஆண்டுக்கணக்கைச் சொல்லித் தொடங்கியிருப்பார்.

"நான் அதிகம் பேச மாட்டேன். வண்டி எடுக்கணும்" என்றார். "போனதுக்கு முந்தின வியாழக்கிழமை ஃபேரர் பார்க்ல பஸ்ஸை நிறுத்திட்டு டாய்லெட் போனேன். பஸ் நின்னுச்சு. உலகம் நிக்கல. இந்த டிப்போல சுசீலாவே அடக்கிக்கிட்டு ஓட்டுறாங்க, நாம எப்படிக் கேக்குறதுன்னு யாராச்சும் நெனச்சிருந்தா, அந்தச் சுசீலா இனிமே இல்ல. அடக்கிக்கிட்டு ஓட்டுன காலத்தைவிட இந்த ஆறு வாரம் நான் நல்லா ஓட்டியிருக்கேன். ரெக்கார்டு பிரபாகிட்ட இருக்கு. பாத்துக்கலாம்."

கைத்தட்டலுக்கு நடுவே இஸ்மாயிலின் குரல் எழுந்தது. "அப்ப ஒட்டகம்னு கூப்பிடக் கூடாதாக்கா?"

"தாராளமாக் கூப்பிடு. ஒட்டகம் தண்ணியைக் கண்டா எவ்வளவு குடிக்கும் தெரியுமா? அதைத் தெரிஞ்சுக்காமத்தான் இத்தனை வருஷம் அந்தப் பேரை வச்சிருந்தேன்." சற்று நிறுத்திவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "அன்னைக்கு உன்னை ஒரு மாசம் ஓட்டினேனே, அது தப்பு. மன்னிச்சுக்க, தம்பி."

இஸ்மாயில் தம் இரண்டு லிட்டர் போத்தலைத் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டினார். சிரிப்பு அடங்கிக் கூட்டம் கலைந்தபோது, சேர்ந்து ஒரு மாதமே ஆன பெண் ஓட்டுநர் ஒருவர் சுசீலாவின் அருகில் வந்து, ஃபேரர் பார்க்கில் எந்தக் கடை என்று தாழ்ந்த குரலில் கேட்டார். சுசீலா தாழ்த்தாத குரலில் வழி சொன்னார்.

பிற்பகலில் அவர் வீடு திரும்பியபோது மாசிலாமணி விடுப்பில் இருந்தார். கறிவேப்பிலைச் செடியின் முன் குந்தி, சுருண்ட இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, ரெண்டு மாசமா இதுக்குச் சரியாத் தண்ணி கெடைக்கல. பாவம், வாடுது பாரு. போத்தல்ல ஏதாச்சும் இருக்கா?"

சுசீலா போத்தலை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு துளி விழுந்தது.

"குழாயைத் தொறந்து ஊத்துங்க" என்றார், காலணியைக் கழற்றிக்கொண்டே. "இது டிரைவரோட தண்ணி."